வராத சீட்டின் வலிமை

சூதாட்டத்தைப் பற்றி எழுத நம் மரபில் ஒரு தயக்கம் உண்டு. வள்ளுவர் பொருட்பாலில் ஓர் அதிகாரத்தையே அதைக் கடிவதற்காக ஒதுக்கியிருக்கிறார். மகாபாரதக் கதை ஒரு பகடையாட்டத்தில் திரும்பி, காட்டு வாழ்விலும் பதினெட்டு நாள் போரிலும் போய் முடிகிறது. ஆகவே சூது என்றதும் நமக்கு அறம் பற்றிய கேள்வியே முதலில் எழுகிறது. அந்த ஆட்டத்தின் உள்ளே மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது.

ஆனால் சூதாட்டத்துக்குள் ஒரு சிந்தனை வரலாறும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1654ஆம் ஆண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு சூதாட்டம் முடிவதற்குள் பாதியில் நின்றுபோனால் நடுவில் இருக்கும் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. இதுவரை யார் எத்தனை முறை வென்றார்கள் என்பதைப் பார்க்கக் கூடாது, இனி நடக்கக்கூடியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று இருவரும் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தார்கள். இன்னும் நிகழாத ஒன்றுக்கு இன்றே ஒரு விலை உண்டு என்ற இந்த எண்ணத்திலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

இக்கட்டுரை அதே கேள்வியின் தொலைதூர வாரிசு ஒன்றைப் பற்றியது. போக்கர் மேசையில் ஒருவர் கையில் முழுமை பெறாத சீட்டுகள் இருக்கின்றன. இன்னும் ஒரு சீட்டு வந்தால் அது வெல்லும் கை, வராவிட்டால் வெறுங்கை. அவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டுமா, அல்லது ஏற்கெனவே வென்றுவிட்டவரைப்போலத் தாக்க வேண்டுமா? எளிய கேள்வியாகத் தோன்றும் இதற்குச் சென்ற ஐம்பது ஆண்டுகளில் பலவிதமாகப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது. பதில் மாறிய ஒவ்வொரு முறையும் சிலரது வாழ்க்கையும் மாறியிருக்கிறது.

*

போக்கர் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களிலும் பரவிய ஆட்டம். ஜோசப் கோவெல் என்ற ஆங்கில நடிகர் 1829ல் அப்படியொரு கப்பலில் தாம் கண்ட ஆட்டத்தை 1844ல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் விவரித்திருக்கிறார். அன்றைய ஆட்டத்தில் இருந்தவை இருபது சீட்டுகள் மட்டுமே. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகியவற்றில் நான்கு நான்கு. நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்து வீதம் போட்டால் கட்டு தீர்ந்துவிடும். பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை.

நம்மூரில் மூன்று சீட்டு ஆடுபவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். கையில் விழுந்தது விழுந்ததுதான். அதை வைத்துக்கொண்டு மிரட்டலாம், பொய் சொல்லலாம், பயந்து விலகலாம். ஆனால் கை மாறாது. இத்தகைய ஆட்டத்தில் நல்ல கை, கெட்ட கை என்ற இரண்டே வகைகள்தான் இருக்க முடியும்.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு வழக்கத்துக்கு வந்தது. அதோடு, வேண்டாத சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் புதிய சீட்டுகள் வாங்கும் முறையும் வந்தது. ஒரே குறியுள்ள ஐந்து சீட்டுகள் சேர்ந்தால் அது உயர்ந்த கை என்ற விதியும் சேர்ந்துகொண்டது. அன்றுதான் போக்கர் ஆட்டத்துக்குள் எதிர்காலம் நுழைந்தது எனலாம். நல்ல கைக்கும் கெட்ட கைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று பிறந்தது: இன்னும் ஆகாத கை. ஆங்கிலத்தில் டிரா என்கிறார்கள். ரம்மி ஆடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எட்டும் ஒன்பதும் கையில் இருக்க, ஏழோ பத்தோ வராதா என்று கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலைதான் அது.

*

இன்று உலகெங்கும் ஆடப்படும் ஹோல்டெம் என்ற வகை டெக்சாஸ் மாநிலத்தில் தோன்றியது. அங்குள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரே அதன் பிறப்பிடம் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007ல் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டது. 1963ல் கார்க்கி மெக்கார்க்குவடேல் என்பவர் இதை லாஸ் வேகஸ் நகருக்குக் கொண்டுவந்தார். 1970ல் பென்னி பினியன் தம் ஹார்ஸ்ஷூ விடுதியில் போக்கர் உலகத் தொடரைத் தொடங்கினார். அதன் முதன்மைப் போட்டியாக வரம்பற்ற ஹோல்டெம் நிலைபெற்றது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழு சீட்டுகளிலிருந்து மிகச்சிறந்த ஐந்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், மற்றவர் கட்டியதற்கு ஈடு கொடுக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். வரம்பற்ற ஆட்டம் என்றால், எந்த நேரத்திலும் தன் முன்னால் இருக்கும் பணம் முழுவதையும் நடுவே தள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்று பொருள்.

உங்கள் கையில் இஸ்பேட் எட்டும் ஒன்பதும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே இஸ்பேட் ராஜா, இஸ்பேட் நான்கு, டைமன் இரண்டு என்று மூன்று சீட்டுகள் திறக்கப்படுகின்றன. நான்கு இஸ்பேட்கள் சேர்ந்துவிட்டன. ஐந்தாவது வந்தால் பெரிய கை. இப்போதைக்கோ ஒரு ஜோடிகூட இல்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டுகளில் 9 இஸ்பேட்கள் மீதம் இருக்கின்றன. இன்னும் இரண்டு சீட்டுகள் வரவேண்டும். கணக்கிட்டால் 35 விழுக்காடு வாய்ப்பு. வரிசையின் இருபுறமும் சேரக்கூடிய கைக்கு, அதாவது எட்டுச் சீட்டுகளில் எது வந்தாலும் போதும் என்ற நிலையில், ஏறத்தாழ 31.5 விழுக்காடு. வரிசையின் நடுவே ஒரே ஒரு சீட்டு விடுபட்டிருந்தால், நான்கே சீட்டுகள்தான் உதவும் என்பதால், 16.5 விழுக்காடு மட்டுமே.

மூன்றிலும் நீங்கள் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே மலிவாகக் கிடைத்தால் அடுத்த சீட்டைப் பார், விலை ஏறினால் விலகிவிடு என்பதே நெடுங்காலம் அறிவுள்ள ஆட்டம் என்று கருதப்பட்டது. வருமுன் செலவழிக்காதே என்ற இல்லற ஞானத்தின் சீட்டாட்ட வடிவம் அது.

*

இந்த ஞானத்தைத் தலைகீழாக்கியவர்களில் முதன்மையானவர் டாய்ல் ப்ரன்சன். 1933ல் டெக்சாஸின் லாங்வொர்த் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். கல்லூரியில் பேர்பெற்ற கூடைப்பந்தாட்டக்காரர். தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும்போது நேர்ந்த விபத்தில் கால் முறிந்து அந்தக் கனவு முடிந்தது. கல்வி நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர், ஆசிரியர் சம்பளத்தையும் சீட்டாட்ட வருவாயையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சீட்டையே தொழிலாக்கிக்கொண்டார். அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் என்ற இரு நண்பர்களுடன் முதலைப் பொதுவில் வைத்துக்கொண்டு டெக்சாஸ் ஊர்களைச் சுற்றி ஆடினார். சட்டத்துக்குப் புறம்பான ஆட்டங்கள் அவை. ஏமாற்றுபவர்கள், கொள்ளையர்கள், காவலர்கள் என்று மூன்று பக்கமும் ஆபத்து. வென்ற பணத்தோடு ஊரைவிட்டு வெளியேறுவதே தனித் திறமையாக இருந்த காலம்.

1976லும் 1977லும் அவர் உலகத் தொடரை வென்றார். இரண்டு முறையும் இறுதிக் கையில் அவரிடம் இருந்தவை பத்தும் இரண்டும். போக்கரில் குப்பை என்று ஒதுக்கப்படும் சீட்டுகள் அவை. இன்றும் அந்தக் கைக்கு அவர் பெயரையே வைத்து அழைக்கிறார்கள்.

1978ல் பல ஆட்டக்காரர்களின் துணையோடு அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பின்னாளில் சூப்பர் சிஸ்டம் என்ற பெயரில் புகழ்பெற்ற அந்நூலின் விலை 100 டாலர். அக்காலத்தில் ஒரு புத்தகத்துக்கு நம்ப முடியாத விலை. வரம்பற்ற ஹோல்டெம் பற்றிய பகுதியை ப்ரன்சனே எழுதினார். அதன் சாரம் இது: தொடர்ந்து தாக்கிக்கொண்டே இருந்தால் எதிராளிகள் சிறிய தொகைகளை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அந்தச் சில்லறை வெற்றிகள் சேர்ந்து ஒரு முதலாகும். என்றாவது ஒருவர் எதிர்த்து நிற்கும்போது அந்த முதலை வைத்துப் பெரிய தொகைக்குச் சூதாடலாம். அப்போது நம் கை பின்தங்கியிருந்தாலும், மேம்படக்கூடிய கையாக இருந்தால் போதும்.

இதன் தர்க்கத்தை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். நடுவே 100 டாலர் இருக்கிறது. உங்களிடம் மீதமிருப்பது இன்னொரு 100. அதை முழுவதும் தள்ளுகிறீர்கள். எதிராளி விலகினால் நடுவிலிருக்கும் 100 உங்களுடையது. அவர் ஈடு கொடுத்தால் இரண்டு சீட்டுகளையும் பார்த்தாக வேண்டும். நீங்கள் எதிர்பார்க்கும் சீட்டு வந்தால் மட்டுமே வெல்வீர்கள் என்று கொள்வோம். கையில் எந்த நம்பிக்கையும் இல்லாத வெறும் பொய்யாக இருந்தால், நட்டமடையாமலிருக்க எதிராளி 100 முறையில் 50 முறை விலக வேண்டும். நடுவே ஒரு சீட்டு விடுபட்ட வரிசை இருந்தால் சுமார் 34 முறை விலகினால் போதும். இருபுறமும் திறந்த வரிசையானால் 5 முறையே போதும். நான்கு இஸ்பேட்கள் இருந்தாலோ அவர் ஒருமுறைகூட விலகாவிட்டாலும் நட்டமில்லை.

ஐம்பது, முப்பத்து நான்கு, ஐந்து, பூஜ்யம். இந்த இறங்கு வரிசைதான் ப்ரன்சனின் துணிச்சலுக்கு அடியிலிருந்த அடித்தளம். காத்திருப்பவனுக்கு வெல்ல ஒரே வழி, சீட்டு வரவேண்டும். தாக்குபவனுக்கு இரண்டு வழிகள். எதிராளி பயப்படலாம், அல்லது சீட்டு வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூர்க்கமாகத் தெரிந்தது உள்ளே ஒரு கணக்காக இருந்தது.

வரம்பற்ற ஆட்டத்தில் இந்தக் கணக்குக்கு வலு கூடுகிறது. பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு இருக்கும் ஆட்டத்தில், குவிந்திருக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் கடைசிப் பந்தயம் அற்பமானது. அந்த அற்பத் தொகைக்காக யாரும் எளிதில் விலகமாட்டார்கள். முழுச் சொத்தையும் கேட்கும் பந்தயமே ஒருவரை உண்மையில் யோசிக்கவைக்கிறது.

*

இதே காலத்தில் மற்றொரு மரபும் இந்தக் கேள்வியை அணுகிக்கொண்டிருந்தது. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928ல் விளையாட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1944ல் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. போக்கரில் பொய் சொல்வது குணக்கேடோ நடிப்புத் திறனோ அல்ல, சரியான ஆட்டத்தின் தவிர்க்க முடியாத பகுதி என்று அவர் நிறுவினார். ஒருபோதும் பொய் சொல்லாதவர் நல்ல கை வைத்திருக்கும்போதும் யாரும் அவருக்கு ஈடு கொடுக்கமாட்டார்கள். எனவே சில சமயம் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எந்தக் கையை வைத்துப் பொய் சொல்வது? வான் நாய்மனின் மாதிரி ஆட்டத்தில் அதற்கு விடை, மிக மோசமான கைகளை வைத்து. நடுத்தரமான கைகளுக்குப் பொய் சொல்லாமலே சற்று வெல்லும் வாய்ப்பு உண்டு, இழப்பதற்கு ஒன்றுமில்லாத கையே பொய்க்கு ஏற்றது. ஆனால் அந்த மாதிரியில் ஒரு குறை இருந்தது. மிசிசிப்பிக் கப்பலின் இருபது சீட்டு ஆட்டத்தைப்போல அதிலும் இனி வரவேண்டிய சீட்டு என்று எதுவும் இல்லை. அவருடைய போக்கரில் எதிர்காலம் கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்பிய சொல்லைத் தந்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. ப்ரன்சனின் நூலில் ஒரு பகுதியை எழுதியவர் அவர். 1987ல் வெளிவந்த தம் போக்கர் கோட்பாட்டு நூலில் செமி ப்ளஃப் என்ற கருத்துக்கு இலக்கணம் வகுத்தார். இந்த நொடியில் எதிராளி ஈடு கொடுத்தால் நம் கை பெரும்பாலும் தோற்கும் கை. ஆனால் மேம்படுவதற்கு நியாயமான வாய்ப்பு உள்ள கை. அதை வைத்துக் கட்டும் பந்தயமே செமி ப்ளஃப். அரைப்பொய் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மீதிப் பாதி உண்மையா பொய்யா என்பதை இனி வரப்போகும் சீட்டு தீர்மானிக்கும். டெக்சாஸ் சாலைகளில் உள்ளுணர்வாக இருந்தது ஒரு பெயர் பெற்றுக் கற்பிக்கத்தக்க பாடமாயிற்று.

பெயர் பெற்ற எதுவும் இரகசியமாக நீடிப்பதில்லை. தம் நூலை வாங்கிப் படித்தவர்களோடுதான் இனித் தாம் ஆடவேண்டும் என்பதை ப்ரன்சன் விரைவிலேயே உணர்ந்தார். அந்நூலை எழுதியிருக்கவே வேண்டாம் என்று பின்னாளில் அவர் பலமுறை வருந்தியதுண்டு. விற்பனையில் கிடைத்ததைவிட மேசையில் இழந்தது அதிகம் என்பது அவர் கணக்கு.

*

1980ஆம் ஆண்டு உலகத் தொடரின் இறுதியில் ப்ரன்சனுக்கு எதிரே அமர்ந்தவர் ஸ்டூ உங்கர். வயது 26. நியூயார்க்கில் ரம்மியின் ஒரு வகையான ஜின் ஆட்டத்தில் வளர்ந்தவர். அதில் அவரோடு ஆட யாரும் முன்வராத அளவுக்கு வென்று தீர்த்துவிட்டதால் போக்கர் பக்கம் வந்தவர்.

கடைசிக் கையில் ப்ரன்சனிடம் ஏஸும் ஏழும். உங்கரிடம் இஸ்பேட் ஐந்தும் நான்கும். நடுவே திறக்கப்பட்டவை ஏஸ், ஏழு, இரண்டு. ப்ரன்சனுக்கு இரண்டு ஜோடிகள். உங்கருக்கு ஒரே நம்பிக்கை, மூன்று வரவேண்டும். ப்ரன்சன் பந்தயம் கட்டினார். உங்கர் உயர்த்தவில்லை, வெறுமனே ஈடு கொடுத்தார். அடுத்த சீட்டு மூன்று. ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு வாய்ப்பு. ஏஸ் முதல் ஐந்து வரை வரிசை கூடிவிட்டது. உங்கர் பந்தயம் கட்ட, ப்ரன்சன் எஞ்சியதையெல்லாம் நடுவே தள்ளினார். ஆட்டம் முடிந்தது.

ப்ரன்சனின் பாடத்தைப் படித்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கர் அந்த இடத்தில் தாக்கவில்லை. அரைப்பொய்யின் கணக்கு எதிராளி விலகக்கூடும் என்ற ஒரே தூணின்மீது நிற்கிறது. விலகமாட்டாதவருக்கு எதிரே அந்தத் தூண் இல்லை. அப்போது வேறொரு கணக்கு செயல்படுகிறது. சீட்டு வந்துவிட்டால் நல்ல கை வைத்திருப்பவர் தன் முழுச் சொத்தையும் தருவார் என்ற எதிர்பார்ப்புக்காக இன்று ஒரு சிறு விலை கொடுப்பது. ஒரே அரைகுறைக் கை பயப்படுபவரிடம் வாளாகவும் பயப்படாதவரிடம் தூண்டிலாகவும் பயன்படும். யார் எந்த வகை என்று அறிவதே கலை.

உங்கர் 1981லும் வென்றார். பிறகு கோக்கெய்ன் அவரை விழுங்கத் தொடங்கியது. வென்ற பணமெல்லாம் போதையிலும் குதிரைப் பந்தயத்திலும் கரைந்தது. 1997ல் நுழைவுக் கட்டணமான 10,000 டாலரை ஒரு நண்பர் கட்ட, உலகத் தொடருக்குத் திரும்பி வந்தார். ஃப்ரீமான்ட் தெருவில் திறந்தவெளியில் நடந்த இறுதியாட்டத்தின் கடைசிக் கையில் அவரிடம் ஏஸும் நான்கும். எதிரே ஜான் ஸ்ட்ரெம்ப்பிடம் ஏஸும் எட்டும். நடுவே ஏஸ், ஐந்து, மூன்று. உங்கர் பின்தங்கியிருந்தார். இந்த முறை தாக்கினார். எல்லாப் பணமும் நடுவே போனது. அடுத்து இன்னொரு மூன்று, பயனில்லை. கடைசிச் சீட்டு இரண்டு. ஏஸ் முதல் ஐந்து வரை மீண்டும் அதே வரிசை.

பதினேழு ஆண்டு இடைவெளியில் அவருடைய முதல் பட்டமும் கடைசிப் பட்டமும் நடுவே விடுபட்ட ஒரு சீட்டு வந்து சேர்ந்ததால் முடிவாயின. ஒருமுறை காத்திருந்து, ஒருமுறை தாக்கி. 10 லட்சம் டாலர் பரிசில் அவர் பங்கு சில மாதங்களில் தீர்ந்தது. 1998 நவம்பரில் லாஸ் வேகஸின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்து கிடந்தார். வயது 45.

*

போக்கரைத் தொலைக்காட்சியில் பார்ப்பது நெடுநாள் சலிப்பூட்டும் அனுபவமாக இருந்தது. மறைவான சீட்டுகள் தெரியாமல், முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யூதப் படுகொலையிலிருந்து உயிர்தப்பி அமெரிக்காவில் பொம்மை வடிவமைப்பாளராகப் பேர்பெற்ற ஹென்றி ஓரன்ஸ்டீன், மேசைக்குள் பதித்த காமிராவுக்கு 1995ல் காப்புரிமை பெற்றார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அது பரவலாகப் பயன்படத் தொடங்கியதும் பார்வையாளர்கள் முதன்முறையாகப் பொய்யை அது பிறக்கும் இடத்திலேயே கண்டார்கள்.

2003ஆம் ஆண்டு உலகத் தொடர் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சாம் ஃபர்ஹா என்ற தேர்ந்த ஆட்டக்காரரை எதிர்கொண்டார். இணையத்தில் சில பத்து டாலர்களுக்கு ஒரு தகுதிப் போட்டி ஆடி உள்ளே வந்தவர் மணிமேக்கர். நான்கு சீட்டுகள் திறந்த நிலையில் நடுவே இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் எட்டு. அவரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். இன்னொரு இஸ்பேட் வந்தாலும் வெற்றி, ஐந்தோ பத்தோ வந்தாலும் வெற்றி. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும், அதாவது ஒரு ஜோடி. ஃபர்ஹா 3 லட்சம் கட்ட, மணிமேக்கர் 8 லட்சமாக உயர்த்தினார். இருவர் சீட்டுகளையும் அறிந்து எண்ணினால், எஞ்சிய 44 சீட்டுகளில் 17 மணிமேக்கருக்கு உதவும். பாடநூலில் சேர்க்கத்தக்க அரைப்பொய்.

ஃபர்ஹா ஈடு கொடுத்தார். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் மூன்று. எதுவும் கூடவில்லை. அரைப்பொய் முழுப்பொய்யாக மாறும் தருணம் இது. தாக்குதலைத் தொடங்குவது ஒரு துணிவு. அதற்கான நியாயம் கைவிட்டுப் போன பிறகும் அதைத் தொடர்வது வேறொரு துணிவு. மணிமேக்கர் தன்னிடமிருந்த அனைத்தையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துத் தன் வெல்லும் கையைக் கவிழ்த்துவிட்டு விலகினார். சற்று நேரத்தில் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குச் சென்றன.

அந்த ஆண்டு போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். 2006ல் 8,773 பேர். இணையத்தில் ஆடிப் பழகிய இளைஞர்கள் அரைப்பொய்யைப் பாலபாடமாகக் கற்று வந்தார்கள். ஆனால் எல்லோரும் தாக்கக் கற்றுக்கொண்டபோது எல்லோரும் விலகாமலிருக்கவும் கற்றுக்கொண்டார்கள். நான்கு இஸ்பேட்களை வைத்து உயர்த்துகிறான் என்று எதிராளி எளிதாக ஊகித்து ஈடு கொடுக்கும் காலம் வந்தது. முப்பத்து நான்கு முறை விலகியவர் இருபது முறைதான் விலகுகிறார் என்றால், அரைகுறையிலும் அரைகுறையான கைகளை வைத்துத் தாக்குபவர் தன் பணத்தை மெல்ல மெல்லத் தானம் செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். ப்ரன்சன் காலத்து வாள் மழுங்கிவிட்டது.

*

கடைசி அத்தியாயத்தை எழுதியவை இயந்திரங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ல் ஒரு கணிப்பு முறையை முன்வைத்தார்கள். கணினி தன்னோடு தானே கோடிக்கணக்கான முறை ஆடி, ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வருந்த வேண்டும் என்று அளந்து, அந்த வருத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும் முறை அது. 2015ல் அவர்கள் இருவர் ஆடும் வரம்புள்ள ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு சிறந்த ஆட்டக்காரர்களை வரம்பற்ற ஹோல்டெமில் 20 நாட்கள், 1,20,000 கைகள் ஆடித் தெளிவாகத் தோற்கடித்தது.

அரைகுறைக் கையை என்ன செய்வது என்ற பழைய கேள்விக்கு இயந்திரம் சொன்ன பதில் ஒற்றை வரியில் அடங்குவதல்ல. அதே கையை அதே இடத்தில் சில முறை தாக்கப் பயன்படுத்து, சில முறை அமைதியாகக் காத்திரு, எந்த விகிதத்தில் என்பதை மட்டும் துல்லியமாகக் கடைப்பிடி. நீ என்ன செய்வாய் என்று உனக்கே முன்கூட்டித் தெரியாதபோதுதான் எதிராளிக்கும் தெரியாது. வான் நாய்மன் 1928ல் கண்ட கலப்பு உத்தி எதிர்காலத்தையும் உள்ளடக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ப்ரன்சனின் உள்ளுணர்வும் பொய்யாகவில்லை. இன்னும் சீட்டுகள் வரவேண்டிய நிலையில், பொய் சொல்ல இயந்திரம் தேர்ந்தெடுக்கும் கைகளில் டிரா கைகள் முன்னிற்கின்றன. ஆனால் துணிச்சல் என்று நாம் அழைத்தது அந்தக் கணக்கில் எங்கேயும் தென்படவில்லை.

இதில் எனக்கு ஒரு சிறு இழப்புணர்வு உண்டு. பிறர் அச்சத்துக்கு விலை நிர்ணயிக்கும் கலை என்று இந்த ஆட்டத்தை வரையறுத்தால், அச்சமற்ற ஒன்று அதில் வென்ற அன்று அக்கலை முடிந்துவிட்டது. மிஞ்சியது கணக்கு.

ஆயினும் கணக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நம் கதை ஒன்று முன்பே யோசித்திருக்கிறது. வனபருவத்தில் வரும் நளன் கதையில், இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்க்கிறான். தன் குதிரை வித்தையைத் தந்து அந்த எண்ணின் வித்தையை, பகடையின் உள்ளத்தை, பெற்றுக்கொள்கிறான். அக்கணமே அவன் உடலிலிருந்து கலி வெளியேறுகிறான். நிகழ்தகவு பற்றிய சிந்தனையின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று என்று இப்பகுதியை ஆய்வாளர்கள் சுட்டுவதுண்டு. அறியாமையோடு ஆடுவதே பீடிப்பு, எண்ணிக்கையை அறிந்தவனைக் கலி அண்டமாட்டான் என்பது அக்கதையின் நம்பிக்கை.

உங்கர் எண்ணிக்கையை அறிந்தவர். போன சீட்டுகளை நினைவில் வைத்திருக்கும் அவர் ஆற்றலுக்கு அஞ்சி, பிளாக்ஜாக் மேசைகளில் அவரை அமரவிட மறுத்தார்கள். விடுபட்ட சீட்டு எத்தனையில் ஒரு முறை வரும் என்று அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் அந்த மேசையில் இருந்திருக்க முடியாது. கலி வெளியேறவில்லை. மேசையின்மீது அவருக்கு எப்போதும் வெல்ல இரண்டு வழிகள் இருந்தன. எழுந்து வெளியே வந்தபின் ஒரு வழியும் இல்லாமல் போயிற்று. ப்ரன்சனோ தம் இரகசியத்தை நூறு டாலருக்கு விற்றுவிட்டு வருந்தியவர். அந்த வருத்தத்தோடும் ஆடிக்கொண்டேயிருந்தார். 2023 மே மாதம் 89ஆம் வயதில் இறந்தார்.

ஒரே கணக்கைக் கற்றவர்கள் இருவரும். எப்போது தாக்குவது, எப்போது காத்திருப்பது என்பதை அந்தக் கணக்கு இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது. எப்போது எழுந்து வீட்டுக்குப் போவது என்பது அதில் இல்லை.